ஒகுடுவுக்குப் பதிலாகப் புதைத்த காய்

ரசீரா துறையே கூடி அழுது புதைத்த ஓர் ஆளுக்கு, அடுத்த வருஷம் நான் என் கையால் மீன் சாறு ஊற்றிக் கொடுத்தேன். பேய்க்கதை என்று நினைத்துவிடாதீர்கள். பேய்க்கு இப்படிப் பசிக்காது. ஒகுடு இரண்டாவது கிண்ணமும் கேட்டான்.

எனக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ரோஸ்பெலா. அதைச் சொல்லிக் கூப்பிட இங்கே ஆள் கிடையாது. கட்டிக்கொண்டு வந்தவளைப் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் எங்கள் லுவோ சனத்தின் பழக்கம். நான் அலேகோவிலிருந்து வந்தவள், அதனால் அலேகோக்காரி. ஏரியிலிருந்து படகுகள் கரையேறும் இடத்திலேயே தகரக் கூரை போட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். என் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவர் ஒகுடுவுக்குப் பங்காளி வகையில் அண்ணன். ஆகவே நான் அவனுக்கு மதினி. அவன் என்னைக் கேலி செய்யலாம், நான் அவனை வையலாம். இரண்டு பேரும் அந்த உரிமையைக் குறைவில்லாமல் அனுபவித்தோம்.

ஒகுடுவுக்குத் தொழில் ஓமெனா பிடிப்பது. நெத்திலி மாதிரிச் சின்ன மீன். விளக்கு வெளிச்சம் காட்டித்தான் வலைக்கு இழுக்க வேண்டும். விடிந்து படகு வரும்போது, படகு கண்ணுக்குத் தெரியுமுன் அவன் குரல் வந்துவிடும். கரையில் மீன் வாங்கக் காத்திருக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி ஒரு கிண்டல் செய்வான். சிரித்துக்கொண்டே அவன் சொன்ன விலைக்கு வாங்கிப் போவார்கள். என்னிடம் வந்தால், "என்ன மதினி, சட்டியில பொரியிறது மீனா, நீயா?" என்பான். வாய்தான் அவன் சொத்து. மற்றபடி ஒரு படகில் பங்கும், நான்கு மாடும், பெரெஸ் என்கிற பொறுமையான மனைவியும், ஒபூரா என்கிற வளர்ந்த மகனும் இருந்தார்கள்.

எங்கள் ஏரிக்காரர்கள் சிகரெட்டைத் திருப்பிப் பிடிப்பவர்கள். நெருப்பு முனை வாய்க்குள் இருக்கும், உதட்டை மூடிக்கொள்வார்கள். வலை இழுக்க இரண்டு கையும் வேண்டும். காற்றும் தண்ணீர்த் தெறிப்பும் வெளியே இருக்கிற நெருப்பை விட்டுவைக்காது. வாய்க்குள் வைத்தால் ஏரி என்ன செய்தாலும் அணையாது. ஒகுடு அப்படி வைத்துக்கொண்டே பேசுவான், தேவாலயப் பாட்டுக்கூடப் பாடுவான். இந்த வித்தை வந்தால்தான் மீன்காரன் என்று பையன்களுக்கு ஒரு எண்ணம். ஒபூராவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பன் வாயைப் பார்த்தே பழகிவிட்டான்.

விடியற்காலைத் துறை என்றால் இருமல்தான். படகுக்குப் படகு இருமிக்கொண்டு வந்து இறங்குவார்கள். நான் அடுப்பு மூட்டுகிறபோது அந்தச் சத்தம் கேட்டால், சரி, ஆட்கள் வந்துவிட்டார்கள், தேநீர் போடலாம் என்று எழுந்திருப்பேன். அப்போது அதைப் பற்றி வேறு எதுவும் தோன்றியதில்லை.

ஒகுடுவின் மேல்வாயில் முதலில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. தேநீர் சுட்டுவிட்டது என்றான். பிறகு புண்ணானது. கிராம்பை அடக்கிக்கொண்டான். பிறகு நாற்றம் வந்தது. நாற்றம் வந்ததும் ஊர் வாய் திறந்துகொண்டது. அந்த வருஷம் மழை முந்திவிட, அண்ணன் அகோலா விதைக்குமுன் ஒகுடு தன் நிலத்தில் சோளம் ஊன்றிவிட்டான். மூத்தவன் விதைக்காமல் இளையவன் விதைத்தால் சீரா பிடிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. வழக்கத்தை மீறியவனை உள்ளிருந்து அரிக்கிற சாபம் அது. ஆளாளுக்குச் சோளத்தையும் புண்ணையும் சேர்த்துவைத்துப் பேசினார்கள். இதற்கு அண்ணன் காலில் விழ வேண்டும் என்றார்கள். ஒகுடு விழுகிற சாதி இல்லை. ஒரு நாள் காலையில், நைரோபியில் வேலை பார்க்கப் போகிறேன் என்று சொல்லி வண்டி ஏறிவிட்டான். ஆஸ்பத்திரிக்கு என்று பெரெஸிடம்கூடச் சொல்லவில்லை. எதையும் வாயில் அடக்கத் தெரியாதவன் இதை மட்டும் அடக்கிக்கொண்டு போனான்.

பல மாதம் தகவல் இல்லை. அவன் போனும் அணைந்து கிடந்தது.

பிறகு ஒரு நாள் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று வந்தது. புகையிலையை விடச் சொல்லி நைரோபியிலிருந்து வந்த ஆட்கள். பாட்டுப் போட்டார்கள், பையன்களுக்கு பனியன் கொடுத்தார்கள், மீன் எடை போடும் கொட்டகைச் சுவரில் பெரிதாக ஒரு படம் ஒட்டினார்கள். என் கடைச் சுவரிலும் ஒன்று. படத்தில் ஓர் ஆள் கண்ணை மூடிக் கிடந்தான். கன்னத்தில் பாதி இல்லை. கீழே எங்கள் மொழியிலேயே எழுதியிருந்தது: புகையிலை இவரைக் கொன்றது. அடுத்தது யார்?

முதலில் அடையாளம் கண்டது நான்தான். முகத்தை வைத்து அல்ல. இடது காதின் கீழ்ப்பக்கம் ஒரு பிளவு இருந்தது. தூண்டில் முள் கிழித்தது, நான்தான் மஞ்சளும் சாம்பலும் வைத்துக் கட்டினேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு பெரெஸ் வீட்டுக்கு நடந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் வந்து கொட்டகைச் சுவர் முன்னால் நின்றாள். விரலால் அந்தக் காகிதக் காதைத் தடவிப் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து கூக்குரல் எடுத்தாள். எங்கள் பக்கத்தில் அந்தக் குரலுக்கு ஒரே அர்த்தம்தான். ஏரியில் இருந்த படகுகள்கூடத் திரும்பிவிட்டன.

அகோலா நைரோபிக்குப் போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தான். படத்தைக் காட்டினால், எங்களிடமும் இந்தப் படம் இருக்கிறதே என்றார்களாம். கேட்பாரற்ற பிணங்களை மொத்தமாகப் புதைத்துவிடுவார்கள் என்று பிணவறை ஆள் ஒருவன் சொல்லியிருக்கிறான். அதோடு அகோலா திரும்பிவிட்டான். தம்பியின் மேலிருந்த கோபம் எல்லாம் வடிந்து, ஆள் பாதியாகி வந்தான்.

உடம்பு கிடைக்காத சாவுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. யாகோ என்று ஒரு மரம். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாற்போல் அதில் கனமான நீளக் காய் தொங்கும். அந்தக் காயைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, பெட்டியில் வைத்து, ஆளைப் புதைப்பதுபோலவே புதைக்க வேண்டும். அதற்குப் பிறகு அது காய் இல்லை, ஆள். அகோலா நல்ல பெட்டியாகச் செய்யச் சொன்னான். வழக்கப்படி வீட்டு வேலிக்குள்ளேயே குழி வெட்டினார்கள். பெட்டி வேலி வாசல் வழியாக உள்ளே வந்தது. மாடு அறுத்தார்கள், பெரெஸுக்குத் தலை மழித்தார்கள். அவள் விழுந்து புரண்டாள், நானும் புரண்டேன். காய்க்கு அழுதோம் என்று இப்போது சிரிக்கலாம். அன்றைக்கு யாருக்கும் அது காயாகத் தெரியவில்லை.

மண் தள்ளும் நேரத்தில் ஒபூரா குழியின் ஓரத்துக்கு வந்தான். சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, சவப்பெட்டி மேல் போட்டான். பின்னாலேயே அவன் படகுக் கூட்டாளி ஒருவன் தன்னுடையதைப் போட்டான். அப்புறம் வரிசையே கட்டிவிட்டார்கள். ஒற்றைச் சிகரெட், அரைப் பெட்டி, மூக்குப்பொடி டப்பா, தீப்பெட்டி. கடைக்காரன் நிக்கனோர் தன் வியாபாரம் குழிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றான். அழுகைக்கு நடுவிலும் எனக்கு அது தெரிந்தது.

விட்டவர்களில் சிலர் ஒரு வாரத்தில் மறுபடி பிடித்தார்கள், பிறகு மறுபடி விட்டார்கள். கடலை வறுத்து மென்றார்கள், கரும்பு கடித்தார்கள், பெண்டாட்டிகளிடம் எரிந்து விழுந்தார்கள். ஆனால் அந்தப் படம் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. ஒகுடுவைத் தெரியாதவன் துறையில் யாரும் இல்லை. முன்பெல்லாம் எத்தனையோ படம் வந்ததுண்டு. அதில் இருப்பவன் யாரோ வெள்ளைக்காரன், அல்லது யாருடையதோ நுரையீரல். இது அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட வாய். சுகாதாரத் தொண்டு பார்க்கும் துர்பேனா வீடு வீடாகப் போய் வருகிறவள். குழந்தைகளின் நெஞ்சுச் சளி குறைந்திருக்கிறது என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு விடியற்காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன், படகுகள் வந்து இறங்கியே விட்டன. இருமல் கேட்காததால் தேநீர் தயாராகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒகுடு வந்தான்.

நல்ல வெயில் நேரம். மட்டாடு என்கிற வாடகை வேனிலிருந்து, கழுத்துத் துணியால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இறங்கினான். நேராக என் கடைக்குள் வந்து, சுவர்ப்பக்கம் அவன் எப்போதும் உட்காரும் பலகையில் உட்கார்ந்தான். நடையைப் பார்த்ததுமே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் தட்டை விட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். காசும் தரவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

அவன் உள்ளங்கையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு பேசினான். கையை எடுத்தால் காற்று வேறு வழியாகப் போய்விடும். பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தது குரல். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது.

"மதினி, பசிக்குது. சாறு மட்டும் ஊத்து."

ஊற்றினேன். பாதி கன்னத்து வழியாகத் துணியில் வழிந்தது. மீதியைக் குடித்தான். பிறகு தலையைத் தூக்கி எதிர்ச்சுவரில் இருந்த தன்னையே பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். ஆஸ்பத்திரியில் படம் எடுக்கலாமா என்று கேட்டார்களாம். நம்ம பசங்க பார்க்கட்டுமே என்று இவனும் தலையாட்டியிருக்கிறான். கீழே என்ன எழுதப்போகிறார்கள் என்று யாரும் காட்டவில்லை.

"என்னைக் கேக்காமலே கொன்னுட்டாங்களே மதினி," என்றான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

யாகோ காயைப் பற்றி நான்தான் சொன்னேன். அப்போது தோள் குலுங்கவில்லை. அவன் லுவோக்காரன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அண்ணன் வீடும் அவன் வீடும் ஒரே வேலிக்குள்தான். அங்கே அவனோடு நானும் போனேன். கள்ளி வேலிக்கு வெளியே, வாசலுக்குப் பத்தடி தள்ளி நின்றுவிட்டான். அகோலா ஓடிவந்தான், வாசலில் வந்ததும் கால் கட்டிப்போட்டாற்போல் நின்றான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புதைக்கப்பட்டவனோடு வீட்டார் பேசக்கூடாது, தொடக்கூடாது, கூட உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. மீறினால் அந்தக் குழி வீட்டிலிருந்து இன்னொருவரைக் கேட்கும். நான் வேறு வீட்டுக்காரி, எனக்கு அந்தத் தடை இல்லை. அதனால் என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"அலேகோக்காரி, அவன்கிட்டச் சொல்லு. பெரியவங்களக் கூட்டி வழி கேக்குறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

அகோலாவுக்குப் பின்னால் பெரெஸ் வந்து நின்றாள். மழித்த தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. ஒகுடு கையைக் கன்னத்தில் வைத்து அவள் பேரைச் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினாள்.

"இந்தக் குரல் ஒரு தடவை தெரியாத நம்பர்லேர்ந்து போன்ல வந்துச்சு அக்கா. எவனோ குடிகாரன்னு நெனச்சேன். ராங் நம்பர்னு சொல்லி வச்சுட்டேன்."

ஆமாம் என்று ஒகுடு தலையாட்டினான். அறுவை முடிந்து மேல்வாயும் கன்னமும் பல்லும் போனபின், பேச முடிகிறதா என்று பார்க்க, பக்கத்துப் படுக்கைக்காரனிடம் வாங்கி அவன் செய்த முதல் போன் அது. அதற்குப் பிறகு தன் போனை விற்றுவிட்டு, வாய் தேவைப்படாத வேலையாகப் பார்த்து ஒரு கட்டடத்தில் காவலுக்கு நின்றிருக்கிறான். நைரோபியில் அத்தனை சனத்துக்கு நடுவில் யாரோடும் பேசாமல் அவன் இருந்திருக்கிறான்.

பெரியவர்கள் கூடி வழி சொன்னார்கள். குழியைத் தோண்டி, காயையும் அதோடு கிடப்பவற்றையும் வெளியே எடுத்து, காயை ஏரியில் விட வேண்டும். செம்மறி அறுக்க வேண்டும். பெட்டி வந்த வாசல் வழியாக ஒகுடு வரக்கூடாது; வேலியில் புதிதாக ஒரு சந்து வெட்டி, அதன் வழியாகப் பிறந்த பிள்ளைபோல் நுழைய வேண்டும். அறுவடை முடிந்ததும் செய்யலாம் என்றார்கள். அதுவரை என் கடைக்குப் பின்னால் விறகு போடும் அறையில் தங்கினான். கைம்பெண் வீட்டில் ஆம்பளையா என்று யாரோ பேசினார்கள். அவன்தான் செத்துட்டானே, பொணத்தோட என்ன பேச்சு என்று கேட்டேன். அதற்கப்புறம் பேச்சு நின்றது.

அவன் நாளை எண்ணிக்கொண்டு இருந்தான். பெரெஸ் கையால் களி தின்ன வேண்டும், அவள் கரைத்துக் கொடுத்தால் இறங்கும் என்பான். வீட்டுக் கூரையில் ஒரு பக்கம் ஒழுகும், அதை அடைக்க வேண்டும் என்பான். வேறு ஆசை எதுவும் அவனுக்கு இருக்கவில்லை. நடுநடுவே பெரெஸ் வேலிக்கு உள்ளே வந்து நிற்பாள், இவன் வெளியே நிற்பான். பேசாமல் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான்.

துறையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. முதலில் அது ஒரு வேடிக்கையாகத்தான் வந்தது. எடைக் கொட்டகையில் ஒருவன் படத்தைக் காட்டி, கொன்னுடுச்சுன்னு போட்டிருக்கான், ஆளு அலேகோக்காரி கடையில மீன் தின்னுக்கிட்டிருக்கான் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் நிக்கனோர் கடையில் ஒருவன் ஒற்றைச் சிகரெட் வாங்கினான். கொஞ்ச நாளில் நிக்கனோர் பழையபடி பெட்டி பெட்டியாக வரவழைத்தான். நைரோபிக்காரன் சொன்னதெல்லாம் பொய் என்றார்கள். சிகரெட் பெட்டியிலேயே கொல்லும் என்று எழுதியிருக்கிறதே என்றால், அதுவும் அவன் எழுதியதுதானே என்றார்கள்.

ஒகுடு கொட்டகைக்குப் போனான். தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று துணியை அவிழ்த்தான். தண்ணீர் குடித்துக் காட்டினான், அது வழிவதைக் காட்டினான். என்னென்னவோ சொன்னான். யாருக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ள நிற்கவும் இல்லை. சிரிக்கவைத்தே ஊரைக் கட்டிப்போட்டவன் முன்னால் ஆட்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு வலையை மடித்தார்கள். ஒருத்தி, பாவம், நல்லவள்தான், அவன் காலடியில் ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்ததும் நான் போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

துர்பேனா ஒரு நாள் வந்து என் அடுப்புப் பக்கம் குந்திக்கொண்டாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் தன் பனியன் விளிம்பைத் திருகினாள். கடைசியில், கொஞ்ச நாளைக்கு அவரை வேறு எங்காவது வைக்க முடியாதா அக்கா என்றாள். நான் கொதிக்கிற எண்ணெயைக் காட்டி, எழுந்து போகிறாயா என்று கேட்டேன். போய்விட்டாள். ஆனால் விறகு அறைக்கு என் அடுப்பிலிருந்து ஒரு தகரம்தான் தடுப்பு. ஒகுடுவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அன்று அவன் சாறு வேண்டாம் என்றுவிட்டான்.

சடங்குக்கு முந்தின நாள் காலையில் படகுகள் வந்தன. இருமலோடு வந்தன. நான் தேநீருக்கு எழுந்தேன், பிறகுதான் எதற்காக எழுந்தேன் என்று உறைத்தது. ஒகுடு ஏற்கெனவே வெளியே நின்றிருந்தான். ஒபூராவின் படகு கரையில் முட்டியது. அவன் இரண்டு கையாலும் வலையை இழுத்துக்கொண்டிருந்தான். உதடு மூடியிருந்தது. உதட்டு நடுவிலிருந்து சிகரெட்டின் பின்முனை நீட்டிக்கொண்டிருந்தது. அப்பன் பார்ப்பதை அவன் பார்த்தான். அப்பனோடு பேச முடியாது, அதனால் என்னிடம்தான் சொன்னான்.

"பெரியம்மா, எங்கப்பாதான் சாகலையே."

சந்தோஷமாகச் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பன் திரும்பி வந்த மகிழ்ச்சியில்தான் அந்தப் பிள்ளை அதைப் பற்றவைத்திருந்தான்.

மறுநாள் எல்லாரும் அகோலா வீட்டில் கூடினார்கள். செம்மறி கட்டியிருந்தது. வேலியில் வெட்ட வேண்டிய இடத்துக்கு அடையாளம் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் மண்வெட்டியோடு குழிப்பக்கம் நின்றார்கள். பெரெஸ் புது உடை உடுத்தியிருந்தாள், தலைக்குத் துணி கட்டியிருந்தாள். வேலிக்கு வெளியே ஒகுடுவும் நானும். அவன் பேசினால் எனக்கு மட்டும்தான் புரியும் என்பதால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பெரியவர்களே சொல்லியிருந்தார்கள்.

மண்வெட்டி ஓங்கியபோது ஒகுடு கையைத் தூக்கினான். பிறகு கன்னத்தை அழுத்திக்கொண்டு என் காதுப் பக்கம் குனிந்து பேசினான். கேட்டுவிட்டு, நான் இதைச் சொல்ல மாட்டேன் என்றேன். அவன் விடவில்லை.

"உன்னைத் தவிர எனக்கு வாய் ஏது மதினி? சொல்லு."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வந்தாலும் சொன்னேன். அவன் சொன்னபடியே, நானே ஒகுடு என்பதுபோல் சொன்னேன்.

"அண்ணே, குழியைத் தோண்டாதீங்க. அதுல காய் மட்டும் கெடக்கல. பசங்க விட்டுப் போட்டதெல்லாம் அங்கதான் கெடக்கு. காயை எடுத்தா அதையும் எடுத்து அவங்க கையில குடுக்குறீங்க. என் புள்ள கையிலயும். நான் செத்தது செத்ததாவே இருக்கட்டும்."

அகோலா தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரெஸ் உட்காரவில்லை, அழவும் இல்லை. கட்டியிருந்த தலைத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ஒபூரா வேலி ஓரமாக வந்து அப்பனை ஒரு பார்வை பார்த்தான். காயோட இருக்கணும்னா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சொல்லும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை. செம்மறியை அவிழ்த்துவிட்டார்கள்.

அதன்பின் துறையில் ஒருவன் விட்டான், இன்னொருவன் விட்டான். எல்லாரும் இல்லை. ஆனால் கொட்டகைச் சுவர்ப் படத்தைக் காட்டிச் சிரிப்பது மட்டும் அடியோடு நின்றுபோனது. இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. நிக்கனோர் சிகரெட்டுக்குப் பதிலாக போன் கார்டும் சோப்பும் அடுக்கினான். ஒபூரா என்ன செய்தான் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. கோபத்தில் படகை ஏரிக்கரை வளைவுக்கு அந்தப் பக்கம் கரையேற்ற ஆரம்பித்துவிட்டான். என் கடைக்கு வருவதையும் விட்டுவிட்டான்.

ஒகுடு விறகு அறையிலேயே தங்கிவிட்டான். பிறர் வலையைக் கிழிசல் பார்த்துக் கொடுப்பான். பெரெஸ் சமைத்ததை அவன் சாப்பிடக்கூடாது. அதனால் அவள் தன் தோட்டத்துக் கீரையை எனக்கு விற்பதுபோல் கொண்டுவந்து தருவாள், நான் அதைக் கடைந்து அவனுக்குக் கொடுப்பேன். அது யார் கீரை என்று அவன் கேட்டதில்லை. ஒவ்வொரு விடியலிலும் எனக்கு முன்னால் எழுந்து போய் வளைவுப் பக்கமாகத் தலையைச் சாய்த்து நிற்பான். காற்று எதிர்த்து அடிக்கும், அந்தப் பக்கத்துச் சத்தம் எதுவும் இங்கே வராது. என்ன, இருமல் கேட்டுச்சா என்பேன். இல்லை என்று தலையாட்டுவான். இருமல் இல்லையா, எதுவுமே கேட்கவில்லையா என்று அந்தத் தலையாட்டலில் தெரியாது. அவனுக்கும் தெரியாது. போய்ப் பார்த்து வரவா என்று நான் கேட்டால் வேண்டாம் என்பான்.

மூன்றாவது மழைக்காலத்தில் நோய் திரும்பி வந்து கழுத்தில் இறங்கியது. இந்தத் தடவை அவன் நைரோபிக்குப் போகவில்லை. சாறும் இறங்காமல் போனது. ஒரு மதியம் நான் மீன் புரட்டிக்கொண்டிருந்தபோது, தகரத்துக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சுச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டேன்.

ஏற்கெனவே புதைத்த ஆளுக்கு வீட்டு வேலிக்குள் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே, அவன் நின்று நின்று பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். கூக்குரல் எடுக்கவும் கூடாது. ஓர் ஆளுக்கு இரண்டு தடவை அழக்கூடாது. முதல் தடவை துறையே நின்றது. இந்தத் தடவை அகோலா, துர்பேனா, நான், வேலிக்கு உள்ளே பெரெஸ். குழி வெட்டியது ஒபூரா. வேறு யாரையும் அவன் மண்வெட்டியைத் தொடவிடவில்லை.

பெட்டியை இறக்கிய பிறகு ஒபூரா குழியின் ஓரத்துக்கு வந்தான். செத்தவனோடு பேசக்கூடாது. கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் குழியைப் பார்த்துப் பிடித்துக் காட்டினான். சட்டைப் பையையும் காட்டினான். எதிலும் ஒன்றும் இல்லை. பிறகு மண்ணைத் தள்ள ஆரம்பித்தான்.